லூஸ் தாரியின் கோபம்

பொகோட்டா, 6 மார்ச் 1995

அன்புள்ள நியேவெஸ்,

பக்கத்து அறை புர்கோஸ்காரத் தம்பதிக்கு நீதிமன்றத்தில் தத்தெடுப்புத் தீர்ப்பு வந்துவிட்டது. பையனைத் தூக்கிக்கொண்டு நாளை கிளம்புகிறார்கள். மாட்ரிட் போய் இறங்கியதும் இந்தக் கடிதத்தைத் தபாலில் சேர்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். இங்கே போட்டால் கடிதத்துக்கு முன்னால் நானே வந்து நின்றுவிடுவேன் என்று விடுதிக்கார எல்வியா அம்மா சிரிக்கிறார்.

நம் குட்டி லூஸ் தாரி மதியத் தூக்கத்தில் இருக்கிறாள். வெளியே மழை. இந்த விடுதியில் எந்தக் கதவுக்குப் பின்னாலும் ஒரு குழந்தை அழுகிறது, ஒரு தகப்பன் தப்பும் தவறுமாகப் பாடுகிறான். நானும் பாடுகிறேன். மாட்டைக் கூப்பிடும் பாட்டைத் தவிர வேறெதுவும் எனக்கு நினைவு வருவதில்லை. அதற்கே தூங்கிவிடுகிறாள்.

குளிக்கவைத்தால் சிரிக்கிறாள். வெல்லத் தண்ணீரைக் கண்டால் இரண்டு கையையும் நீட்டுகிறாள். எல்வியா அம்மாதான் காய்ச்சி ஆறவைத்துத் தருகிறார். "தம்பி, இது எங்க ஊர் வயிறு. உங்க பால் பவுடரை மட்டும் நம்பிக்கிட்டு இருக்காது" என்கிறார். கீழே இரண்டு பல் இருந்ததல்லவா, மேலேயும் வெள்ளையாக ஏதோ தெரிகிறது.

இதையெல்லாம் எழுதுகிறேனே தவிர, எழுத வந்தது வேறு. விமான நிலையத்தில் நீ என்னிடம் ஒரே ஒரு பேச்சுதான் பேசினாய். பவுடரைக் கட்டியில்லாமல் கரைக்கச் சொன்னாய், அவ்வளவுதான். உன் அண்ணன் வைக்கோல் பரணிலிருந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டான், மாடுகளுக்கு ஆளில்லை, நம்மில் ஒருவர் ஊருக்குப் போய்த்தான் ஆகவேண்டும். சரி. ஆனால் நான் போகிறேன் என்று சொல்ல வாயெடுப்பதற்குள் நீ பெட்டியை மூடிவிட்டாய். நீதிமன்றத்துக்கு நம்மில் ஒருவர் இருந்தால் போதும், அது நீயாகவும் இருந்திருக்கலாம்.

லூஸ் தாரி உன்னிடம் வரவில்லை என்பதற்காகவா போனாய்? கோபித்துக்கொள்ளாதே. கேட்காமல் இருக்க முடியவில்லை.

உன்
அவெலினோ


பிராதொலூவெங்கோ, 15 மார்ச்

அவெலினோ,

மாடுகள் நன்றாக இருக்கின்றன. அண்ணன் ரமீரோ நன்றாக இல்லை, அவன் வாய் மட்டும் நன்றாக இருக்கிறது. படுக்கையில் கிடந்தபடி எனக்குப் பால் கறக்கச் சொல்லித் தருகிறான். கலானா கன்று போட்டுவிட்டது, கிடேரி. தூறல் நிற்கவே இல்லை. மரச்செருப்பைக் கழற்றினால் உள்ளே குளம்.

ரொட்டிக்கடையில் ஒப்தூலியா என் காதில் விழும்படியாகவே, "புள்ளை எடுக்கப் போனவ வெறுங்கையோட வந்து நிக்கிறா" என்றாள். "புருஷன்கிட்ட விட்டுட்டு வந்திருக்கேன். அவருக்கும் கை இருக்கு" என்றேன். கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நீ கேட்டதற்குப் பதில்: மாட்டுக்காகத்தான் வந்தேன்.

இந்த வரியை எழுதிவிட்டு எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன். மாட்டுக்காக மட்டும் இல்லை. அந்தத் தத்தெடுப்பு அலுவலகத்தில் அதிகாரி அம்மா குழந்தையை முதலில் என் கையில்தான் கொடுத்தார். நீ கேமராவோடு நின்றாய். அவள் என் முகத்தைப் பார்த்தாள். நன்றாகவே பார்த்தாள். அப்புறம் முதுகை வில்லாக வளைத்துக்கொண்டு அலறினாள். நீ வாங்கியதும் அழுகை நின்றுபோயிற்று. "அப்பா செல்லம்" என்று எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மறுநாளும் அதேதான், அதற்கு மறுநாளும். நான் தொட்டால் அலறல், நீ தூக்கினால் அமைதி. இத்தனை வருஷம் அந்தக் கூடத்துத் தொட்டிலைத் துடைத்து வைத்தவள் நான். நீயோ, கிடைத்தால் கிடைக்கட்டும் என்று இருந்தவன்.

நான் பக்கத்தில் இல்லாவிட்டால் அவளாவது அழாமல் இருப்பாள் என்று நினைத்தேன். இதற்கு மேல் இதைப் பற்றிக் கேட்காதே.

நீதிபதி பெயர் கேட்கும்போது ஒலிவா என்று சொல். என் அம்மா பெயர். நாம் ஏற்கெனவே பேசி முடித்த விஷயம்.

நியேவெஸ்

உன் கம்பளிச் சட்டை அலமாரியிலேயே இருக்கிறது. எதைப் போட்டுக்கொண்டு திரிகிறாய்?


பொகோட்டா, 24 மார்ச்

அன்புள்ள நியேவெஸ்,

எல்வியா அம்மாவின் கணவருடைய கம்பளிப் போர்வையைப் போட்டுக்கொண்டு திரிகிறேன். தலை நுழைக்க நடுவில் ஓட்டை இருக்கும் போர்வை. லூஸ் தாரியும் அதற்குள்ளேயே இருக்கிறாள். தெருவில் எனக்கு இரண்டு தலை என்று பிள்ளைகள் கத்துகிறார்கள்.

உன் கடிதத்தை உடைத்துப் படித்தேன், மறுபடியும் படித்தேன். கேட்காதே என்று எழுதியிருந்தாய், கேட்கவில்லை. நான் கண்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு பெண், முதுகைக் காட்டிக்கொண்டு. இடுப்பு வரை ஒற்றைச் சடை, நீலக் கம்பளிச் சால்வை. லூஸ் தாரி போர்வைக்குள்ளிருந்து தலையை நீட்டினாள். அவள் உடம்பு முழுக்க ஒரு உதறல் ஓடியது. அதற்கு முன்னால் நான் கேட்டிராத ஒரு சத்தம் போட்டாள், ஏதோ பெயரைச் சொல்வதுபோல. இரண்டு கையையும் நீட்டி அந்தச் சடையைப் பிடித்துவிட்டாள்.

அந்தப் பெண் திரும்பினாள். இளம்பெண், நல்ல முகம். "என்ன கண்ணு?" என்று சிரித்தாள். லூஸ் தாரி அந்த முகத்தைப் பார்த்தாள். சடையை விட்டாள். அலறவில்லை, நியேவெஸ். உதட்டைப் பிதுக்கிக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். விடுதிக்கு வரும்வரை என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டே வந்தாள்.

எல்வியா அம்மாவிடம் சொன்னேன். தட்டு கழுவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார். "தத்துப் போற வரைக்கும் வளர்த்தவ அப்படி இருந்திருப்பா, தம்பி" என்றார். "புள்ளையைக் கொடுக்கிற அன்னிக்கு அவங்களைப் பின்வாசல் வழியா அனுப்பிடுவாங்க. புள்ளை முன்வாசலைப் பாத்துக்கிட்டே இருக்கும்."

அதன்பிறகு கவனித்தேன். உன்னிடம் மட்டும் இல்லை, எந்தப் பெண் தூக்கினாலும் அவள் முதலில் முகத்தைத்தான் பார்க்கிறாள். பார்த்துவிட்டு அழுகிறாள். எல்வியா அம்மாவிடமும் அப்படித்தான், மாடி அறை இத்தாலிக்காரியிடமும் அப்படித்தான். ஆண்களிடம் அவள் எதையும் தேடுவதில்லை. அதனால்தான் என்னிடம் அழாமல் இருக்கிறாள். இதை நான் முன்னமே பார்த்திருக்க வேண்டும். அவள் என்னிடம் ஒட்டிக்கொண்ட சந்தோஷத்தில் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

ஏப்ரலில் ஈஸ்டருக்கு முந்தின வாரம் இங்கே எல்லாம் மூடிவிடுவார்கள் என்கிறார்கள். தீர்ப்பு அதற்குப் பிறகுதான் போலிருக்கிறது. கலானாவின் கன்றுக்கு என்ன பெயர் வைத்தாய்?

உன்
அவெலினோ


பிராதொலூவெங்கோ, 4 ஏப்ரல்

அவெலினோ,

ஓவியெதோவிலிருந்து ஒரு தம்பதி குழந்தை எடுக்க உங்கள் விடுதிக்கு வருகிறார்கள். இதை அவர்கள் கையில் கொடுக்க மழையில் பஸ் பிடித்துப் போகப்போகிறேன். எப்படியும் தீர்ப்புக்கு முன்னால் உன்னிடம் வந்து சேரவேண்டும்.

ஒலிவா வேண்டாம். அவள் லூஸ் தாரியாகவே இருக்கட்டும். வீட்டை இழந்துவிட்டாள், தன் ஊர்ப் பேச்சின் ராகத்தை இழக்கப்போகிறாள், அந்தச் சடையை இழந்துவிட்டாள். பேரையாவது விட்டுவைப்போம்.

உன் கடிதத்தைத் தொழுவத்தில் நின்று படித்தேன். மாட்டையும் கன்றையும் ஒப்பிட்டு நான் எதுவும் சொல்லப்போவதில்லை, பயப்படாதே. எனக்கு நினைவு வந்தது என் அத்தை அமாலியா.

அம்மா இறந்தபோது எனக்கு ஆறு வயது என்பது உனக்குத் தெரியும். அப்பாவின் அக்கா எங்களைப் பார்த்துக்கொள்ள வந்தாள் என்பதும் தெரியும். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் கையால் நான் தலைவாரிக்கொள்ளவில்லை என்பது உனக்குத் தெரியாது. சீப்பை எடுத்துக்கொண்டு வந்தால் மேசைக்கடியில் புகுந்துகொள்வேன். பரட்டைத் தலையோடு பள்ளிக்கூடம் போனேன். ரமீரோவிடம் கேட்டேன், அவனுக்கு நினைவிருக்கிறது. "பேய் மாதிரி இருப்படி" என்றான். அத்தை நல்லவள், பொறுமைசாலி. அம்மாவாக இல்லாமல் போனது ஒன்றுதான் அவள் குற்றம்.

இத்தனை வருஷத்தில் நான் என்னை லூஸ் தாரியின் இடத்தில் வைத்துப் பார்த்ததே இல்லை. எப்போதும் தொட்டிலுக்கு வெளியே நின்றுதான் பார்த்தேன்.

இப்போது ஒன்று தோன்றுகிறது. ஒரு குழந்தை ஒருத்தியை இப்படித் தேடுகிறது என்றால் அந்த ஒருத்தி அவளை நன்றாக வைத்திருந்திருக்கிறாள். நமக்குக் கிடைத்திருப்பது அன்பு அறிந்த குழந்தை. நான் அதற்காக அழுதுகொண்டு விமானம் ஏறியிருக்கிறேன், பைத்தியக்காரி.

அவளை வளர்த்த அந்தச் சடைக்காரி யாரென்று விசாரி. பார்க்க முடிந்தால் பார். நான் நன்றி சொன்னேன் என்று சொல். லூஸ் தாரியைப் பெற்றவளுக்கும் சொல்லவேண்டும். அவளை எங்கே போய்த் தேடுவது என்று தெரியவில்லை.

நியேவெஸ்

கன்றுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. ரமீரோ தன் பெயரை வைக்கச் சொல்கிறான், கிடேரி என்றாலும் பரவாயில்லையாம்.


பொகோட்டா, 21 ஏப்ரல்

அன்புள்ள நியேவெஸ்,

தீர்ப்பு வந்துவிட்டது. பாஸ்போர்ட் கிடைத்ததும் கிளம்புகிறோம்.

பாதியில் அறுந்துபோன அந்த ஒரே தொலைபேசிப் பேச்சில் உன்னிடம் லேசான சளி என்று சொன்னேன். லேசானது இல்லை. நெஞ்சில் கட்டிக்கொண்டு மூச்சு இழுத்தது. விலா எலும்பு ஒவ்வொன்றும் தெரிய அவள் மூச்சுவிட்டதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். உண்மையைச் சொன்னால் நீ கடலில் நீந்தியாவது வந்துவிடுவாய் என்று பயந்தேன். மன்னித்துவிடு. இப்போது நன்றாக இருக்கிறாள். என் மூக்கைப் பிடித்துத் திருகுகிறாள்.

மருத்துவமனையில் எல்வியா அம்மா என்னோடேயே இருந்தார். பெரிய வெள்ளிக்கிழமை, அவர் கோவிலுக்குப் போகாமல் இருந்ததே இல்லையாம். "நீங்க போங்கம்மா, நான் இருக்கேன்ல" என்றேன். "நீ இருக்க, சரி. உன்னைப் பாத்துக்க ஆளு வேணாமா?" என்றார். "ஆண்டவருக்கு ஆஸ்பத்திரிக்கு வழி தெரியும், தம்பி. நீ இந்த சூப்பைக் குடி." குடித்தேன். அழுதுகொண்டேதான் குடித்தேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஓவியெதோக்காரர்கள் உன் கடிதத்தைத் தீர்ப்புக்கு முந்தின நாள் கொண்டுவந்து சேர்த்தார்கள். இல்லாவிட்டால் ஒலிவா என்றுதான் சொல்லியிருப்பேன். நீதிபதி கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு, "பேரு மாத்தலையா? பெரும்பாலும் மாத்திடுவாங்களே" என்றார். "அவ அம்மா வேணாம்னுட்டா, ஐயா" என்றேன். அவ அம்மா. உன்னை அப்படி வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. லூஸ் தாரி என்ற பெயருக்குப் பின்னால் என் குடும்பப் பெயரையும் உன் குடும்பப் பெயரையும் வாசித்தார்கள்.

வளர்த்தவரைப் பார்க்க அனுமதி இல்லை. குழந்தைக்கு இன்னொரு முறை பிரிவு வேண்டாம் என்றார்கள், அது நியாயம்தான். பெயர் மரியேலா. நீ சொன்ன நன்றியை அலுவலகத்தில் சொல்லி அனுப்பச் சொன்னேன். இரண்டு நாள் கழித்து அந்த அதிகாரி அம்மா கூப்பிட்டார். "மரியேலாகிட்ட சொன்னேன். இத்தனை புள்ளைங்க என் கையால போயிருக்கு, இதுவரைக்கும் இப்படி யாரும் சொல்லி அனுப்பினதில்லன்னு சொன்னாங்க" என்றார்.

வருகிறோம். அவள் உன்னைப் பார்த்ததும் சிரிப்பாள் என்று என்னால் சொல்ல முடியாது. நீயும் அதை எதிர்பார்க்கமாட்டாய் என்று நினைக்கிறேன்.

உன்
அவெலினோ


பிராதொலூவெங்கோ, 11 ஜூன்

அவெலினோ,

நீ கோடை மேய்ச்சலுக்காக மாடுகளோடு மேல் புல்வெளிக்குப் போய் ஒரு வாரம் ஆகிறது. மாட்டு டாக்டர் நாளை ஜீப்பில் மேலே வருகிறாராம், அதனால் எழுதுகிறேன். ரொட்டி, சுத்தமான சட்டை, பன்றி இறைச்சி வற்றல் எல்லாம் மூட்டையில் இருக்கிறது.

நான் துரத்தியதாக நீ நினைத்துக்கொண்டு போனது எனக்குத் தெரியும். ரமீரோவால் மலையேற முடியாது என்பது பாதிக் காரணம். மீதிக் காரணம், நீ வீட்டில் இருக்கும்வரை அவளுக்கு நான் தேவைப்படவில்லை. நீங்கள் இருவரும் வந்து இறங்கிய நாளிலிருந்து உன் தோளில்தான் இருந்தாள். நான் பக்கத்தில் வந்தால் உன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொள்வாள். எனக்கு அது பழகிவிட்டது, முன்போல வலிக்கவில்லை. ஆனாலும் எங்களுக்கு இந்த வீடு கொஞ்ச நாள் தனியாக வேண்டும்.

முதல் இரண்டு நாள் உன்னைத் தேடி வாசலுக்கும் தொழுவத்துக்கும் தவழ்ந்தாள். நான் தூக்கவில்லை, கூடவே தவழ்ந்தேன். ரமீரோ பார்த்துவிட்டு, "வயசான மாடு மாதிரி இருக்கடி" என்றான். மூன்றாம் நாள் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றாள். நேற்றிலிருந்து சுவரைப் பிடிக்காமல் நடக்கிறாள். நீ இல்லாத நேரத்தில் நடந்துவிட்டாள், மன்னித்துக்கொள்.

இப்போது அழுவதில்லை. நான் கொடுப்பதைச் சாப்பிடுகிறாள், சட்டை மாட்டினால் கையை நீட்டுகிறாள். நான் வெளியே போனால் கையசைக்கிறாள், திரும்பி வந்தாலும் கையசைக்கிறாள். மரியாதையாக இருக்கிறாள், அவெலினோ. விடுதியில் தங்கியிருப்பவள் விடுதிக்காரியிடம் நடந்துகொள்வதைப் போல. இது அழுகையைவிடக் கஷ்டமாக இருக்கிறது.

குறை சொல்லவில்லை. காலையில் அந்தத் தொட்டிலில் அவள் தலை தெரிகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு யாருக்காவது நன்றி சொல்லவேண்டும்போல இருக்கிறது. பக்கத்தில் யாரும் இருப்பதில்லை, ரமீரோவிடம் சொல்லிவிடுகிறேன். "எதுக்கு?" என்கிறான்.

நியேவெஸ்


மேல் புல்வெளி, 13 ஜூன்

அன்புள்ள நியேவெஸ்,

ராத்திரி இங்கேயே தங்கிய டாக்டர் ஜீப்பைக் கிளப்பிவிட்டார், கிளட்சில் கால் வைத்துக்கொண்டு நிற்கிறார், அதனால் கொஞ்சமாக எழுதுகிறேன்.

நடக்கிறாளா. பலமுறை படித்துவிட்டேன். மாடுகளிடம்கூடச் சொன்னேன்.

இங்கே பனிமூட்டம். குடிசையில் என் தோள் காலியாக இருக்கிறது, எந்தப் பக்கம் சாய்ந்து உட்கார்ந்தாலும் சரியாக இல்லை. நேற்று இறங்கி வந்துவிடலாமா என்று பாதி வழி வந்தேன். ஒரு பாறையில் உட்கார்ந்து நம் வீட்டுப் புகையைப் பார்த்தேன். நீ அடுப்பில் ஏதோ வைத்திருந்தாய், நிறையப் புகை. அப்புறம் திரும்பி ஏறிவிட்டேன்.

நீ விடுதிக்காரி என்றால் அவள் நல்ல விடுதியில்தான் இருக்கிறாள். எல்வியா அம்மாவை நான் எவ்வளவு நேசித்தேன் என்று உனக்குத் தெரியுமே. காத்திரு. நானும் இங்கே காத்திருக்கிறேன்.

வற்றல் தீர்ந்துவிட்டது. மாட்டு டாக்டரும் சாப்பிட்டார்.

உன்
அவெலினோ


பிராதொலூவெங்கோ, 2 ஜூலை

அவெலினோ,

உட்கார்ந்து ஒழுங்காகச் சொல்கிறேன், குறுக்கே எதுவும் கேட்காதே.

வெள்ளிக்கிழமை ரமீரோவை இடுப்புப் படம் எடுக்க ஓவியெதோவுக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. குழந்தையை அங்கே இழுத்துக்கொண்டு போகமுடியாது. பக்கத்து வீட்டு சாபேல் பார்த்துக்கொள்வதாகச் சொன்னாள். அதிகாலை பஸ்ஸில் போனோம். கிளம்பும்போது வழக்கம்போல மரியாதையாகக் கையசைத்தாள். மருத்துவமனையில் கூட்டம், எக்ஸ்ரே எடுக்கும் இடத்தில் வரிசை. சாயங்காலம் ஆகிவிட்டது.

சாபேலின் சமையலறைக் கதவைத் திறந்தேன். லூஸ் தாரி தரையில் கரண்டியும் சட்டியுமாக உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். நான் கையசைத்தேன். அவள் அசைக்கவில்லை.

எழுந்தாள். உனக்குத் தெரியாது, எழும்போது முதலில் பின்பக்கத்தைத்தான் தூக்குவாள். தள்ளாடிக்கொண்டே நேராக என்னிடம் வந்தாள். வந்து இரண்டு கையாலும் என் காலில் அடித்தாள். முகமெல்லாம் சிவந்து, என்னென்னவோ கத்தினாள். ஒரு வார்த்தையும் புரியவில்லை, முழுக்கத் திட்டுதான். தூக்கினேன். தோளில் கடித்தாள். கம்பளிச் சட்டையைத் தாண்டிப் பல் இறங்கியது. கடித்த பிறகு கழுத்தைக் கட்டிக்கொண்டாள், விடவில்லை.

ரமீரோ ஊன்றுகோலோடு வாசலில் நின்று, "புள்ளைக்கு என்ன ஆச்சு? யாராவது அடிச்சீங்களா?" என்று கத்தினான்.

சாபேல் பாவம், அழுகிற மாதிரி ஆகிவிட்டாள். "சத்தியமாச் சொல்றேன், நாள் முழுக்கச் சிரிச்சுக்கிட்டுத்தான் இருந்துச்சு. ஒரு சொட்டுக் கண்ணீர் கிடையாது. உன்னைப் பாத்ததும்தான் இப்படி ஆயிருச்சு. என்மேல கோவமோ என்னவோ" என்றாள்.

"உன்மேல இல்ல, சாபேல். என்மேல" என்றேன். "நான் விட்டுட்டுப் போயிட்டேன்ல."

விடுதிக்காரிமேல் யாருக்கும் இவ்வளவு கோபம் வராது, அவெலினோ. அப்புறம் நான் செய்தது ஊர் முழுக்கப் பரவியிருக்கும், நீ கேள்விப்படுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். சாபேலைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். ரமீரோவுக்கும் கொடுத்தேன். வழியில் ஒப்தூலியா எதிரே வந்தாள், அவளுக்கும் கொடுத்தேன். அவள் இன்னும் கன்னத்தைத் தடவிக்கொண்டு திரிகிறாளாம்.

அன்றைக்கு என்னை விட்டு இறங்கவே இல்லை. ஒரு கையால் உருளைக்கிழங்கு உரித்தேன், ஒரு கையால் கோழிக்குத் தீனி போட்டேன். என் தோளிலேயே தூங்கினாள். நேற்றும் கோபம் தீரவில்லை. நான் எழுந்தால் கத்துகிறாள், உட்கார்ந்தால் மடியில் ஏறிக்கொண்டு முறைக்கிறாள். எனக்கு வேலை ஒன்றும் ஓடவில்லை. வீடு குப்பையாகக் கிடக்கிறது. பாலாடைக்கட்டி ஒன்று கெட்டுப்போய்விட்டது.

நீ இந்த வாரம் இறங்கி வருவதாக டாக்டர் சொன்னார். வராதே. அடுத்த வாரம் வா. கோபித்துக்கொள்ளாதே, உன் பங்கு உனக்கு இருக்கிறது, அவள் தினமும் மலைப் பக்கம் கைகாட்டி ஏதோ சொல்கிறாள். இன்னும் கொஞ்ச நாள் மட்டும் கேட்கிறேன்.

பல் பட்ட இடம் கன்றிப்போய் நீலமாக இருக்கிறது. ரமீரோ அயோடின் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு என் பின்னாலேயே நொண்டுகிறான். நான் போடவிடவில்லை. மருந்து போட்டால் சீக்கிரம் ஆறிவிடும், நீ வந்து பார்க்க முடியாது.

உன்
நியேவெஸ்